எம்.ஜி.பி: ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்க மறுக்கிறது, த்ராட்டில் லிங்கேஜ் (பெடலையும் கார்புரேட்டரையும் இணைக்கும் அமைப்பு) முழுக்க ஆட்டம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருவான்மியூர்67 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1967 எம்.ஜி.பி ரோட்ஸ்டர் (பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, எஸ்.யு. கம்பெனியின் எச்.எஸ்.4 கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது) இரண்டு. பெரியப்பாவின் வண்டி. கீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் 11 வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அவர் போன பிறகு பெரியம்மா "ஓட்டுறதா இருந்தா எடுத்துட்டுப் போ, காயலான் கடைக்கு மட்டும் போகக் கூடாது" என்று சொல்லி ஆர்.சி. புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பிரேக், கூலிங், வயரிங் எல்லாம் முடித்து 2 வருடமாக ஞாயிறு காலையில் மட்டும் ஓட்டுகிறேன்.

பிரச்சினை இதுதான். சிக்னலில் நின்றால் ஒரு தடவை 800 ஆர்.பி.எம்., அடுத்த சிக்னலில் 1,300, காலால் பெடலை ஒரு தட்டு தட்டினால் 1,000. ஒரே இடத்தில் நிற்காது. கிளம்பும்போது பெடல் முதலில் கொஞ்ச தூரம் வெறுமனே போகிறது, அப்புறம் திடீரென்று பிடித்து வண்டி குதிக்கிறது. போன ஞாயிறு ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பாலம் தாண்டி ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்துவிட்டுக் காலை எடுத்தேன், ரேஸ் அப்படியே நின்றது. கிளட்சை மிதித்து சாவியை அணைத்து ஓரம் கட்டினேன். பக்கத்து சீட்டில் என் மகள் இருந்தாள். அன்றிலிருந்து வண்டியை எடுக்கவில்லை.

பானெட்டைத் திறந்து பார்த்ததில், இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கிற குறுக்கு ஷாஃப்ட்டின் லீவரில் இருக்கும் பின் (சின்ன முளை), ஃபோர்க்குக்குள் (அது மாட்டும் கவட்டை) நன்றாகவே ஆடுகிறது. பட்டர்ஃபிளை (காற்று வழியைத் திறந்து மூடும் வட்டு) திரும்பும் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் இரண்டிலுமே ஆட்டம் தெரிகிறது, பின்பக்கக் கார்புரேட்டரில் அதிகம். பெடலில் வெட்டியாகப் போகும் தூரம் அளந்தேன், சுமார் 20 மி.மீ. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் ஐடிலிங் ஸ்குரூவைத் திருகிக் கொடுத்தார், கடைசியில் கூடுதலாக ஒரு கெட்டியான ஸ்பிரிங் மாட்டிவிட்டு "இ20 பெட்ரோல் சார், பழைய வண்டிக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார்.

என் கேள்விகள்: ஸ்பிண்டிலுக்கு இங்கேயே லேத்தில் கன்மெட்டல் புஷ் (தேய்ந்த துளைக்குள் போடும் உலோக உறை) போட முடியுமா, இல்லை இங்கிலாந்திலிருந்து சாமான் வரவழைக்க வேண்டுமா? எதை முதலில் செய்வது? பெட்ரோல்தான் காரணம் என்பது சரியா?

---

பி சீரீஸ் பெரம்பூர் எழுதியது:

சார், முதலில் அந்தக் கூடுதல் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். தேய்ந்த ஸ்பிண்டிலைக் கெட்டி ஸ்பிரிங் ஒரு பக்கமாகவே இழுத்துப் பிடிக்கிறது, அதனால் ஆட்டம் மறைந்த மாதிரி இருக்கும், ஆனால் துளை அந்தப் பக்கமாகவே முட்டை வடிவில் தேய்ந்துகொண்டே போகும். நம் ஊரில் பழைய எஸ்.யு. கார்புரேட்டர்கள் பாதி இப்படித்தான் வீணாயின. ஒவ்வொரு கார்புக்கும் அதற்கென்று வந்த மெல்லிய ஸ்பிரிங் ஒன்று இருந்தால் போதும், இரண்டும் இரு பக்கமும் ஒழுங்காக மாட்டியிருக்க வேண்டும்.

பெட்ரோல் விஷயம். இ20-இல் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் கலவை கொஞ்சம் லீனாகும் (பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகும்), அதை கார்பின் அடியில் இருக்கும் அறுகோண ஜெட் நட்டை ஒரு முகம், தேவைப்பட்டால் இரண்டு முகம் இறக்கிச் சரிசெய்துவிடலாம். பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், அது கட்டாயம். ஆனால் பெட்ரோல் கெட்டது என்றால் ஐடிலிங் எப்போதும் ஒரே மாதிரி கெட்டதாக இருக்கும். ஒரு சிக்னலில் 800, அடுத்ததில் 1,300 என்றால் பட்டர்ஃபிளை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கிறது என்று அர்த்தம். அது இரும்பு விஷயம், பெட்ரோல் விஷயம் இல்லை.

சோதனைக்கு ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பலர் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை ஸ்பிண்டில் பக்கம் அடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் வண்டியின் பி சீரீஸ் எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், உங்கள் கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே போய் பற்றக்கூடியதை அடிக்காதீர்கள். அதற்குப் பதில் கெட்டியான கிரீஸை ஸ்பிண்டில் பாடியிலிருந்து வெளியே வரும் நான்கு இடங்களிலும் தாராளமாக அப்பிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். கிரீஸ் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைக்கும். ஐடிலிங் மாறி ஒழுங்கானால் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. செலவில்லாத சோதனை, ஒரு கார்ப் ஒரு கார்பாகச் செய்தால் எது அதிகம் கசிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பாருங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு குறுக்கு ஷாஃப்ட்டைக் கையால் திறந்து விடுங்கள், பட்டர்ஃபிளைகள் "டக்" என்று ஒவ்வொரு தடவையும் முழுசாக மூடினால் குற்றம் பெடல், கேபிள் பக்கம். மூடாமல் சோம்பினால் குறுக்கு ஷாஃப்ட்டின் கிளாம்புகளைத் தளர்த்திவிட்டு ஒவ்வொரு கார்பையும் தனியாக அசைத்துப் பாருங்கள். இந்த ஒரு வேலையை யாரும் செய்வதில்லை, நேராக ஐடிலிங் ஸ்குரூவில் கை வைக்கிறார்கள். முட்டுக்காட்டில் நின்றது எதனால் என்பது இதில் தெரிந்துவிடும், அது தெரியாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

நான் சொல்வது என் எம்.ஜி.ஏ. (எம்.ஜி.பி-க்கு முந்தைய மாடல்) அனுபவத்தில். அதில் 1489 சிசி, நம் அம்பாசடரில் ஓடிய அதே பி சீரீஸ் குடும்பம், அதனால்தான் அம்பாசடரில் கை பழகிய பெரியவர் யாராவது கிடைத்தால் உங்கள் எஞ்சினை அவர் பயமில்லாமல் தொடுவார். ஆனால் இரட்டைக் கார்ப் லிங்கேஜ் அம்பாசடரில் கிடையாது, அதை நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

---

அம்பத்தூர் டர்னர் எழுதியது:

தம்பி, நான் கார்க்காரன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் 30 வருடத்துக்கு மேல் லேத், மில்லிங்தான் என் வேலை. இந்த மாதிரி கார்ப் பாடிகள் சில என் கையில் வந்து போயிருக்கின்றன, அதனால் புஷ் கேள்விக்கு மட்டும் பதில்.

முடியும். ஆனால் தேவையா என்று முதலில் பார். ஸ்பிண்டில் பித்தளை. பெரும்பாலும் முதலில் தேய்வது அதுதான். மைக்ரோமீட்டர் வைத்து லீவர் மாட்டும் நுனியில் ஒரு அளவு எடு, அங்கே தேய்மானம் இருக்காது. பாடிக்குள் உருளும் இடத்தில் இன்னொரு அளவு எடு. இரண்டுக்கும் வித்தியாசம்தான் ஸ்பிண்டிலின் தேய்மானம். புதிய ஸ்பிண்டில் ஒன்றை வாங்கி எண்ணெய் இல்லாமல் வெறுமனே பாடியில் சொருகி அசைத்துப் பார், ஆட்டம் போய்விட்டால் பாடியைத் தொடவே தொடாதே. நல்ல பாடியைத் துளை பெரிதாக்கிக் கெடுத்தவர்கள் நிறைய.

புதிய ஸ்பிண்டிலிலும் ஆடினால் புஷ் போட வேண்டியதுதான். இங்கேதான் கவனம். எச்.எஸ்.4 ஸ்பிண்டில் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. எந்தக் கடைக்குப் போனாலும் "8 எம்.எம். ராடு இருக்கு, 8 எம்.எம். ரீமர் இருக்கு, அதையே போட்டுடலாம்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். அப்புறம் உன் லீவர், ஃபோர்க் எதுவும் அந்த 8 மி.மீ. ராடில் ஏறாது, அதையும் குடைவார்கள், அடுத்த தடவை ஒரிஜினல் சாமான் எதுவும் அந்த வண்டிக்குச் சேராது. 5/16 ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் கடையும் கருவி) பாரிமுனை பக்கம் டூல்ஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கும், நீயே வாங்கிக் கொடுத்துவிடு.

புஷ்ஷின் வெளி அளவு 3/8 அங்குலம் வைத்தால் சுவர் கனம் 1/32 அங்குலம் கிடைக்கும், 0.8 மி.மீ. அளவுக்கு, அது போதும். அதற்கு மேல் கனம் வேண்டும் என்று துளையைப் பெரிதாக்கினால் பாடியின் காது மெலிந்துபோகும். முக்கியமானது இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பது. டிரில்லிங் மெஷினில் ஒரு பக்கம் குடைந்து, திருப்பி வைத்து மறு பக்கம் குடைகிற கடைக்குக் கொடுக்காதே. தேய்ந்த துளையையே வழிகாட்டியாக வைத்தால் ரீமரும் தேய்ந்த பக்கமே போகும், பட்டர்ஃபிளை உட்காரும் மையம் நகர்ந்துவிடும். மில்லிங்கில் பாடியை அதன் ஃபிளேஞ்ச் முகத்தில் படுக்கவைத்து, 1 1/2 அங்குல த்ராட்டில் துளையின் மையத்தை டயல் வைத்துப் பிடித்து, அதற்குப் பிறகு ஒரே செட்டிங்கில் இரண்டு பக்கமும் போக வேண்டும். புஷ்ஷை அடித்து இறக்க வேண்டாம், விரலால் தள்ளினால் போகிற அளவுக்கு வைத்து பேரிங் ஒட்டும் லாக்டைட் போட்டு ஒட்டினால் போதும். உள்ளே துருத்தும் நுனியை த்ராட்டில் துளையின் வளைவுக்கு ஏற்ப சீவிவிட வேண்டும், இல்லையென்றால் பட்டர்ஃபிளை இடிக்கும். கடைசியில் நீளமான ரீமர் ஒன்றை இரண்டு புஷ்ஷுக்குள்ளும் ஒரே தடவையில் விட்டு எடு. ஸ்பிண்டிலுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 1 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மிஞ்சினால் 1 1/2 தௌ. அதற்கும் இறுக்கமாக வைத்தால் எஞ்சின் சூட்டில் பிடித்துக்கொள்ளும், உனக்கு மறுபடியும் முட்டுக்காடு கதைதான்.

கன்மெட்டல் நல்லதுதான். டெஃப்லான் கலந்த புஷ்ஷும் போடுகிறார்கள், அது எண்ணெய் கேட்காது. என் ஓட்டு கன்மெட்டலுக்கு, ஏனென்றால் அதை எந்த லேத்திலும் மறுபடி செய்துகொள்ளலாம்.

---

திருவான்மியூர்67 எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சனி, ஞாயிறு முழுக்க இதிலேயே உட்கார்ந்தேன்.

கிரீஸ் சோதனை: முன் கார்பில் அப்பியபோது லேசான மாற்றம்தான். பின் கார்பில் அப்பியதும் எஞ்சின் சத்தமே மாறிவிட்டது, 1,200-இல் தடுமாறிக்கொண்டிருந்தது 900 பக்கம் வந்து அமைதியாக நின்றது. 2 வருடமாக நான் கேட்காத சத்தம்.

பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தேன். கேபிள் கழற்றியும் சரியாக மூடவில்லை. கிளாம்பைத் தளர்த்தித் தனியாகப் பார்த்ததில் பின் ஸ்பிண்டில் முக்கால்வாசி மூடும் இடத்தில் லேசாக மாட்டுகிறது. ஸ்பிண்டில் ஒரு பக்கம் இறங்கி, பட்டர்ஃபிளையின் ஓரம் துளைச் சுவரில் உரசுகிறது, சுவரில் கீறலே தெரிகிறது. கெட்டி ஸ்பிரிங் அதை இழுத்துச் சாய்த்திருக்கிறது. ஆக முட்டுக்காட்டில் நடந்தது அதுதான்.

கழற்றும்போது ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன், மற்றவர்களுக்கு உதவும். பட்டர்ஃபிளையைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்குரூக்களின் பின் நுனி பிளந்து விரித்திருக்கும், கழன்று எஞ்சினுக்குள் விழாமல் இருப்பதற்காக. அந்த விரிப்பைக் குறட்டால் சேர்த்து அழுத்தாமல் திருகினால் ஸ்பிண்டிலின் மரையே போய்விடும். நான் சேர்த்து அழுத்திவிட்டுத்தான் திருகினேன், நான்கும் வந்துவிட்டன. பட்டர்ஃபிளையின் ஓரம் சாய்வாகச் சீவியிருப்பதால் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று மார்க்கரால் குறித்து, கைபேசியில் படமும் எடுத்து வைத்தேன்.

ஸ்பிண்டில் அளவு: பின் கார்பில் உருளும் இடத்தில் 6 தௌ தேய்மானம், முன் கார்பில் 3. புதிய ஸ்பிண்டில், பட்டர்ஃபிளை, ஸ்குரூ இரண்டு செட் இங்கிலாந்தில் ஆர்டர் போட்டாயிற்று. எஸ்.யு. சாமான்களை சாலிஸ்பரியில் இருக்கும் பர்லன் இன்னும் புதிதாகவே செய்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். வந்ததும் சொருகிப் பார்த்துவிட்டுத்தான் புஷ் முடிவு.

இப்போது ஃபோர்க்கும் பின்னும், அப்புறம் கேபிளும் பெடலும். இதற்கு என்ன செய்வது?

---

ஹெரால்டு மார்க்3 எழுதியது:

நண்பரே, என்னிடம் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நம்ம சென்னையிலேயே செய்த வண்டி, 948 சிசி. ஆனால் பெடலிலிருந்து கார்ப் வரைக்குமான கதை எல்லாப் பழைய இங்கிலீஷ் வண்டிக்கும் ஒன்றுதான், அதில் நான் நிறைய அடிபட்டிருக்கிறேன்.

பெடலில் ஆரம்பியுங்கள். பெடல் தொங்கும் பின்னும் அதன் துளையும் தேய்ந்திருக்கும், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அங்கே ஒரு மி.மீ. ஆட்டம் இருந்தால் மிதிக்கும் இடத்தில் அது பல மடங்காகத் தெரியும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் அந்த மூலையில் துரு கட்டாயம் இருக்கும், கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

கேபிள்: உள் கம்பியை உருவி விரலால் தடவுங்கள், ஒரு இழை பிய்ந்திருந்தாலும் தூக்கிப் போடுங்கள். பிய்ந்த இழை உறைக்குள் மடங்கி நின்றால் ரேஸ் திரும்பவே திரும்பாது. ஒரிஜினல் கேபிள் கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஸ்பிண்டில் ஆர்டரோடு சேர்த்துப் போட்டிருக்கலாம். வரும் வரைக்கும் சமாளிக்க புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கேபிள் செய்துகொடுக்கும் கடைகளில் பழைய கேபிளை மாதிரிக்குக் காட்டி, புல்லட் கிளட்ச் கேபிள் மாதிரி நல்ல தரமான வயரில் செய்யச் சொல்லுங்கள். பெடல் பக்க நிப்பிள் ஈயத்தில் உருக்கி ஊற்றியதாக இருக்க வேண்டும், ஸ்குரூ போட்ட நிப்பிள் அந்தப் பக்கம் வேண்டாம். சைக்கிள் பிரேக் வயர் போட்டால் சில மாதத்தில் நீண்டுவிடும். உறை எக்ஸாஸ்ட்டைத் தொடாமல், கூர்மையாக மடியாமல் பெரிய வளைவாகப் போக வேண்டும், பழைய கேபிள் போன வழியை அப்படியே பின்பற்றாதீர்கள், அது யாரோ தப்பாகப் போட்டதாகவும் இருக்கலாம்.

ஃபோர்க் பின்னுக்கு வெல்டிங் வைத்து அரம் போட்டுத் தேய்க்கலாம் என்பார்கள். நான் செய்து பார்த்தேன், வட்டமாக வராது. பின் தேய்ந்திருந்தால் லேத்தில் புதிய பின் கடைந்து லீவரில் ரிவிட் அடித்துக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. ஃபோர்க் வாய் தேய்ந்திருந்தால் அந்த லீவரையே மாற்றுவது நல்லது. குறுக்கு ஷாஃப்ட்டை ஸ்பிண்டிலோடு பிடிக்கும் கிளாம்பு போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள், பழையதில் மரை நீண்டிருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

எல்லாம் மாட்டியதும் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பெடலைத் தரை வரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி பட்டர்ஃபிளையைப் பாருங்கள். அது படுக்கைவசமாக முழுசாகத் திறக்க வேண்டும். என் ஹெரால்டில் ரப்பர் மேட் கனமாகப் போட்டிருந்ததால் 4 வருடம் முக்கால் த்ராட்டிலில்தான் ஓட்டியிருக்கிறேன், அது தெரிந்த அன்று மனசே கேட்கவில்லை.

---

கோடம்பாக்கம் ரோட்ஸ்டர் எழுதியது:

எல்லோரும் சொல்வது சரி, ஆனால் எனக்கு வேறு கருத்து. 6 தௌ தேய்ந்த ஸ்பிண்டில், உரசிய துளை, ஆடுகிற ஃபோர்க், இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடிப்பதற்குள் மாதக்கணக்காகும். எச்.எஸ்.4 புதிய ஜோடியாகவே கிடைக்கிறது, லிங்கேஜோடு வாங்கி மாட்டிவிட்டு ஓட்டலாமே. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் வண்டி. பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் எண்ணம். நான் அப்படித்தான் செய்தேன், இதுவரை ஒரு தொல்லையும் இல்லை.

---

பி சீரீஸ் பெரம்பூர் எழுதியது:

கோடம்பாக்கம் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாடியின் துளை ஆழமாகக் கீறியிருந்தால் நானும் புதிய ஜோடிதான் சொல்வேன். ஆனால் ஒன்று. புதிய கார்ப் வாங்கினாலும் பெடல், கேபிள், ஸ்பிரிங் எல்லாம் பழசாகவே இருந்தால் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும். அதோடு அந்தக் கார்புகள் அந்த வண்டியோடு ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்தவை, மிதவைக் கிண்ணத்து மூடியில் சின்னத் தகடு இருந்தால் அதில் எண் கூட இருக்கும். சரிசெய்ய முடிந்ததைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது.

திருவான்மியூர் சார், மாட்டும் வரிசையை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாமான் நல்லதாக இருந்தும் செட்டிங்கில் தப்பு செய்தால் எல்லாம் வீண்.

பட்டர்ஃபிளையை மாட்டும்போது ஸ்குரூவை லேசாக மட்டும் விட்டு, ஸ்பிண்டிலை சில தடவை "டப் டப்" என்று மூடுங்கள். வட்டு தானாகவே மையத்துக்கு வந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய கோடு தெரிய வேண்டும், அப்புறம் இறுக்கி நுனியை விரித்துவிடுங்கள். புது ஸ்குரூதான், பழையதை மறுபடி விரித்தால் உடையும். 1968-க்குப் பிந்தைய சில வண்டிகளின் வட்டில் சின்ன ஸ்பிரிங் வால்வு ஒன்று இருக்கும், அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலும் ஐடிலிங் ஏறும். உங்களுடையது 1967, இருக்காது. ஆனாலும் நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூனிங்குக்கு முன் வால்வு இடைவெளி, பாயின்ட், டைமிங் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வால்வு 15 தௌ, குளிர்ந்த எஞ்சினில். கார்புக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் "டக்" என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும், டேஷ்பாட்டில் (அந்தப் பிஸ்டனுக்கு மேலே எண்ணெய் ஊற்றும் இடம்) 20 எஸ்.ஏ.இ. எண்ணெய். அதன் பிறகு குறுக்கு ஷாஃப்ட் கிளாம்பு எல்லாவற்றையும், சோக் இணைப்பு கிளாம்பையும் தளர்த்திவிட்டு இரண்டு கார்பையும் தனித்தனி ஆள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹோஸ் குழாயைக் காதில் வைத்து மறு நுனியைக் கார்ப் வாயில் பிடித்து, உறிஞ்சும் சத்தம் இரண்டிலும் ஒன்றாகும் வரை ஐடிலிங் ஸ்குரூக்களைத் திருகுங்கள். அப்புறம் ஜெட் நட்டில் கலவை. பிஸ்டனைத் தூக்கும் பின்னை 0.8 மி.மீ. அளவுக்கு மட்டும் தூக்கிப் பாருங்கள். ரேஸ் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), உடனே விழுந்தால் லீன், கொஞ்சம் ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் லிங்கேஜ் கிளாம்பை இறுக்க வேண்டும், அதிலும் ஒரு நுணுக்கம். குறுக்கு ஷாஃப்ட்டின் நிறுத்தத்தில் 12 தௌ ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துக்கொண்டு, லீவரில் இருக்கும் பின், ஃபோர்க்கின் கீழ்க்கையை லேசாகத் தொடும் நிலையில் ஒவ்வொரு கிளாம்பாக இறுக்குங்கள். கேஜை எடுத்துவிட்டால் பின்னுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வேண்டுமென்றே வைப்பது. ஐடிலிங்கில் லிங்கேஜ் எந்தப் பட்டர்ஃபிளையையும் தாங்கிப் பிடிக்கக் கூடாது, இரண்டும் அதனதன் ஸ்குரூவின் மேல் போய் உட்கார வேண்டும். உங்கள் மெக்கானிக் ஆட்டம் போக வேண்டும் என்று இந்த இடைவெளியை முழுசாக அடைத்திருப்பார் என்று நினைக்கிறேன், அப்படிச் செய்தால் ஒரு கார்ப் மூடும்போது மற்றது திறந்தே நிற்கும்.

---

திருவான்மியூர்67 எழுதியது:

சாமான் வந்து, வேலை முடிந்து, 3 ஞாயிறு ஓட்டிய பிறகுதான் எழுதுகிறேன்.

முன் கார்பில் புதிய ஸ்பிண்டில் சொருகியதும் ஆட்டம் சுத்தமாகப் போய்விட்டது, டர்னர் ஐயா சொன்னபடி பாடியைத் தொடவில்லை. பின் கார்பில் புதிய ஸ்பிண்டிலும் ஆடியது, அதற்கு மட்டும் அம்பத்தூரில் ஒரு மில்லிங் கடையில் கன்மெட்டல் புஷ். கடைக்காரர் முதலில் 8 மி.மீ. தான் சொன்னார். ரீமரை நானே வாங்கிக்கொண்டு போயிருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது. சுவரில் இருந்த கீறல் மேலோட்டமானதுதான், புதிய வட்டு மையத்தில் உட்கார்ந்த பிறகு அதைத் தொடவே இல்லை. கோடம்பாக்கம் சார், உங்கள் யோசனையை இரண்டு இரவு யோசித்தேன். பெரியப்பா கை வைத்த கார்ப் என்பதால் மட்டும்தான் வேறு முடிவு எடுத்தேன், வேறு காரணமில்லை.

பெடல் பின்னில் ஹெரால்டு சார் சொன்ன அதே துரு. புதிய பின்னும் புஷ்ஷும் போட்டேன். ஃபோர்க் லீவர் இரண்டும் மாற்றியாயிற்று. கேபிள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் செய்தது இப்போதைக்கு ஓடுகிறது, ஒரிஜினல் அடுத்த பார்சலில் வருகிறது. பெடலில் வெட்டியாகப் போகும் தூரம் 20 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ.யாகிவிட்டது. 12 தௌ செட்டிங்கில் முதல் தடவை பின் கிளாம்பை இறுக்கும்போது லீவர் கூடவே திரும்பிவிட்டது, இரண்டாவது தடவை மனைவி கேஜைப் பிடித்துக்கொள்ள நான் ஸ்பேனர் பிடித்தேன், சரியாக அமைந்தது. தனி ஆளாகச் செய்யும் வேலை இல்லை அது.

ஐடிலிங் 850. மத்திய கைலாஷ் சிக்னலிலும் 850, டைடல் பார்க் சிக்னலிலும் 850. முதல் கியரில் குதிக்காமல் பெடல் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு போகிறது. முதல் ஞாயிறு தனியாகத்தான் போனேன், முட்டுக்காடு பாலம் தாண்டி அதே இடத்தில் வேண்டுமென்றே நாலைந்து தடவை மிதித்து விட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் உடனே இறங்கியது. மூன்றாவது ஞாயிறுதான் மகளைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் வரை போனேன்.

நேற்று பானெட்டைத் திறந்து கிளாம்புகளைச் சரிபார்த்ததில் பின் கிளாம்பு ஒரு கால் சுற்று இறங்கியது. புதிய போல்ட் அமரும் வரை அப்படித்தான் இருக்கும் போல. இறுக்கிவிட்டு, நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று லீவரிலும் ஸ்பிண்டிலிலும் சேர்த்து ஒரு வெள்ளை பெயின்ட் கோடு போட்டிருக்கிறேன். அடுத்த 500 கி.மீ.க்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் சாவி.